ஹாரி கார்சனுக்கு ஒரு தனி இழை (நியூயார்க் ஜயன்ட்ஸ், 1976–1988)

மூன்றாம்டவுன்:
இங்கே அமெரிக்க ஃபுட்பாலின் லாரன்ஸ் டெய்லரைப் பற்றி எத்தனையோ இழைகள் ஓடியிருக்கின்றன. அவருக்குப் பக்கத்திலேயே நின்று ஆடிய ஹாரி கார்சனுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் தொடங்குகிறேன்.

பிறந்தது 1953-இல், சவுத் கரோலினாவின் ஃப்ளாரன்ஸ் ஊரில். கல்லூரி, ஆரஞ்ச்பர்கில் உள்ள சவுத் கரோலினா ஸ்டேட். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி அது. 1968 பிப்ரவரியில் அந்த வளாகத்தில் நெடுஞ்சாலைப் போலீஸ் சுட்டதில் மூன்று இளைஞர்கள் செத்துப்போனார்கள். நான்கு வருடம் கழித்து அதே வளாகத்துக்குத்தான் கார்சன் படிக்கப் போனார். அவருடைய பயிற்சியாளர் வில்லி ஜெஃப்ரிஸ் பின்னாளில் விச்சிட்டா ஸ்டேட்டுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனவர். வெள்ளையர்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரு முதல்தரக் கல்லூரி அணிக்கு ஒரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளரானது அதுதான் முதல் தடவை.

கல்லூரியில் கார்சன் லைன்பேக்கரே (முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுக்கிறவர்) கிடையாது. முன்வரிசையில் கையைத் தரையில் ஊன்றி நிற்கிற டிஃபென்சிவ் லைன்மேன். 1976 டிராஃப்டில் (என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வு) நான்காவது சுற்றில் ஜயன்ட்ஸ் எடுத்தது. அங்கே லைன்பேக்கர்களைக் கவனித்துவந்த மார்ட்டி ஷாட்டன்ஹைமர் இவரை எழுப்பி நிறுத்தி மிடில் லைன்பேக்கர் ஆக்கினார். அதுவரை எதிரே நிற்கிற ஒரே ஆளைப் பார்த்து மோதினால் போதும். இனி பதினொரு பேரையும் பார்க்க வேண்டும், படிக்க வேண்டும், தன் அணிக்குக் குரல் கொடுக்க வேண்டும். முதல் சீசன் முடிவதற்குள் அந்த இடம் அவருடையதாகிவிட்டது.

அணியோ படுமோசம். 1976-இல் 3 வெற்றி, 11 தோல்வி. 1978 நவம்பரில் ஈகிள்ஸுக்கு எதிராக அந்தப் பெயர்பெற்ற கடைசி நிமிடக் கூத்து. பந்தைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டாலே ஜெயித்திருக்கலாம். கை மாற்றப் போய் நழுவவிட்டு, ஈகிள்ஸின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் எடுத்துக்கொண்டு ஓடி 19–17 என்று முடிந்தது. அடுத்த மாதம் மைதானத்துக்கு மேலே விமானத்தில் பதாகை பறந்தது, 15 வருடமாக மட்டமான ஆட்டம், போதும் என்று. அந்த 1978-இல்தான் கார்சன் முதல் தடவை புரோ பவுலுக்கு, அதாவது லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆட்டத்துக்கு, தேர்வானார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் இருந்துகொண்டு எதிரணி ஆட்டக்காரர்களின் மதிப்பைப் பெறுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். மொத்தம் 9 புரோ பவுல், 13 சீசன், அதில் 10 சீசன் கேப்டன்.

இவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டுங்கள்.

ஞாயிறுமதியம்:
நல்ல இழை அண்ணே. ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். 1981-இல் டெய்லர் வந்த பிறகுதானே அந்த அணி நிமிர்ந்தது? அதே வருடம் 9–7, 1963-க்குப் பிறகு முதல் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்று). 1986-இல் டெய்லர் 20.5 சாக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை எறிவதற்கு முன்பே வீழ்த்துவது) எடுத்து லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதையே வாங்கினார். எதிரணிகள் அவருக்கு இரண்டு பேரை ஒதுக்கும்போது மற்ற லைன்பேக்கர்களுக்கு வேலை சுலபமாகத்தானே இருந்திருக்கும்?

பழையஸ்கோர்கார்டு:
தம்பி, டெய்லர் பெரிய ஆள்தான், மறுப்பே இல்லை. ஆனால் உள்ளே நிற்கிறவனின் வேலையைப் பார்த்துவிட்டு அப்புறம் சுலபமா கடினமா என்று முடிவு செய்யலாம்.

ஜயன்ட்ஸ் ஆடியது 3-4. முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு லைன்பேக்கர்கள். வெளி ஓரத்தில் நிற்கும் டெய்லருக்கு எதிரே பெரும்பாலும் திறந்த வெளி. வேகமெடுத்துச் சுற்றிக்கொண்டு போய் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கலாம். உள்ளே நிற்கும் கார்சனுக்கு அந்த வசதி கிடையாது. முன்னால் மூன்றே பேர் என்பதால் எதிரணியின் முன்வரிசையில் நின்று வழி மறிக்கிற கார்டு ஒருவன் யாராலும் தடுக்கப்படாமல் நேராக இவரை நோக்கி வருவான். 120 கிலோ ஆள். கார்சன் சுமார் 107 கிலோ. அந்த மோதலை நெஞ்சில் வாங்கி, முன்கையால் அவனை நிமிர்த்தி, பக்கவாட்டில் தள்ளிவிட்டு, அப்புறம்தான் பந்தோடு வருகிறவனைப் பிடிக்க வேண்டும். இவ்வளவும் ஒன்றிரண்டு விநாடிக்குள். ஆட்டத்துக்கு முப்பது நாற்பது தடவை.

கபடியில் ரெய்டரைப் பாய்ந்து பிடிப்பவனுக்குக் கைதட்டல் விழும். அவன் பாயும்வரை சங்கிலியை விடாமல் பிடித்து நின்றவனை யாரும் கவனிக்கமாட்டார்கள். கார்சன் அந்த இரண்டாவது ஆள்.

எண்களிலும் இதே அநியாயம். சாக்கை லீக் 1982-இலிருந்து அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது. டாக்கிளை, அதாவது பந்தோடு வருகிறவனை வீழ்த்துவதை, அந்தந்த அணி தன் இஷ்டத்துக்கு எண்ணிக்கொண்டது. அதனால் ஓரத்து லைன்பேக்கரின் வேலை பதிவேட்டில் ஏறியது, நடுவில் நிற்பவனின் வேலை ஏறவில்லை. 1982 செப்டம்பரில், வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முந்தைய இரவு, கிரீன் பேவுக்கு எதிராகக் கார்சன் ஒரே ஆட்டத்தில் 25 டாக்கிள் செய்தார். ஒரு நடு லைன்பேக்கருக்கு 10 வந்தாலே அன்று நன்றாக ஆடினான் என்பார்கள்.

இன்னொன்று. அந்த அணியின் டிஃபென்ஸை நடத்தியவர் பில் பெலிசிக். டெய்லரையும் கார்சனையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தவர். தான் பயிற்சி கொடுத்தவர்களிலேயே எல்லா வேலையையும் சேர்த்துப் பார்த்தால் முழுமையான லைன்பேக்கர் கார்சன்தான் என்று சொன்னவரும் அவரே. இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா?

ஞாயிறுமதியம்:
பெலிசிக் சொன்னது பெரிய விஷயம்தான். ஆனாலும் பார்க்கிறவனுக்குக் கண்ணில் படுவது டெய்லர்தான், அதையும் தள்ளிவிட முடியாது.

ஓரக்கோடு:
கண்ணில் படுவதை வைத்தே முடிவு செய்ததால்தான் ஹால் ஆஃப் ஃபேமில் (இந்த ஆட்டத்தின் மேதைகளுக்கான கௌரவ மண்டபம்) அவரை அத்தனை வருடம் காக்க வைத்தார்கள். டெய்லருக்குத் தகுதி வந்த முதல் வருடமே, 1999-இல், கதவு திறந்தது. கார்சன் ஓய்வு பெற்றது அவருக்கு ஐந்து வருடம் முன்பு, ஆனால் உள்ளே போனது 2006-இல். இடையில் பல தடவை இறுதிப் பட்டியல்வரை வந்து வெளியே போனார்.

ஒரு கட்டத்தில் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று ஹாலுக்கே கடிதம் எழுதினார். அவருடைய வாதம் நேரானது. வாக்குப் போடுவது பத்திரிகையாளர்கள். என்னோடு மோதியவர்களும் என்னோடு நின்றவர்களும் என்னை எப்போதோ எடைபோட்டுவிட்டார்கள், எனக்கு அது போதும். ஒவ்வொரு வருடமும் வீட்டில் உள்ளவர்கள் எதிர்பார்த்து ஏமாறுவதை இனி பார்க்க முடியாது.

எனக்கு இந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் மிகவும் பிடித்த கடிதம் இதுதான்.

மூன்றாம்டவுன்:
இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. ஹால் ஆஃப் ஃபேம் ஒரு ஆளுக்குக் கொடுக்கிற பரிசு மட்டும் கிடையாது. அது இருக்கிற ஓஹையோவின் கேன்டனுக்கு வருகிற ஒரு பையன், சவுத் கரோலினா ஸ்டேட் மாதிரி ஒரு கல்லூரியிலிருந்து ஒருவர் இங்கே சிலையாக இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பெயரை எடுத்துவிட்டால் அந்தப் பையனுக்குத்தான் நஷ்டம்.

நல்ல வேளை, ஹால் அந்தக் கோரிக்கையைச் செயல்படுத்தவில்லை. ட்ராய் எய்க்மன், வாரன் மூன், ரெஜி வைட், ஜான் மேடன், ரேஃபீல்ட் ரைட் இவர்களோடு சேர்ந்து உள்ளே போனார். மேடை கிடைத்ததும் அங்கே என்ன பேசினார் என்பதைக் கவனியுங்கள். இந்த லீகைக் கட்டியெழுப்பிய பழைய ஆட்டக்காரர்களை லீகும் ஆட்டக்காரர் சங்கமும் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நேராகக் கேட்டார். கடிதத்தின்படி நடந்திருந்தால் அந்த மேடையே இருந்திருக்காது.

வெள்ளைக்கோட்டு:
நான் மூளைக் காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். கார்சன் என் கண்ணில் உயர்ந்து நிற்பது அந்த மேடைப் பேச்சுக்கும் பல வருடம் முன்னால் செய்த காரியத்தால்.

1988-இல் ஓய்வு பெற்றார். அப்புறம் டிவியில் விளையாட்டு நிகழ்ச்சிகளில் பேசும் வேலை. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நடுவில் அறுந்துபோகும். சொல்ல வந்த சொல் வராது. தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்காது. தானாகவே மருத்துவரிடம் போய்ப் பல மணி நேரப் பரிசோதனை எடுத்துக்கொண்டார். 1990-இல் கிடைத்த பதில்: தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வந்த கோளாறு.

அந்த 1990-ஐக் கவனியுங்கள். தலைக்காயத்தை ஆராய லீக் ஒரு குழு போட்டதே 1994-இல்தான், அதன் தலைவர் மூட்டு வாத மருத்துவர். இறந்துபோன முன்னாள் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் மருத்துவர் பென்னட் ஒமாலு சி.டி.இ.-யை (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை சிதையும் நோய்) கண்டது 2002-இல், கட்டுரையாக வந்தது 2005-இல். இதற்கெல்லாம் முன்பே கார்சன் தன் பெயரோடு, தன் முகத்தோடு இதைப் பேசத் தொடங்கிவிட்டார். 15 முதல் 18 தடவைவரை மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கும் என்பது அவருடைய கணக்கு. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே கடுமையான மனச்சோர்வு வந்ததையும், உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றியதையும், மகளை நினைத்து மீண்டதையும் மறைக்காமல் சொன்னார். எதிரணியைக் கிடுகிடுக்க வைத்த ஒரு லைன்பேக்கர் அந்தக் காலத்தில் இப்படிப் பேசுவதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும்!

அவர் வர்ணிக்கிற ஒரு மோதல் எனக்கு மறக்காது. வாஷிங்டனின் ஜான் ரிகின்ஸ், பந்தோடு முழு வேகத்தில் வருகிற ஃபுல்பேக். கார்சன் நேராக முட்டுகிறார். கண்ணுக்கு முன்னால் எல்லாம் கறுத்துப்போகிறது. சில விநாடியில் வெளிச்சம் திரும்புகிறது. நடந்து போய் வட்டத்தில் நின்று, எதிரணியின் அடுத்த முயற்சிக்கான உத்தரவைச் சொல்ல வேண்டும். அணி முழுவதும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பழையஸ்கோர்கார்டு அண்ணன் மேலே எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். ஆட்டத்துக்கு முப்பது நாற்பது மோதல். பெயர் சொல்லி எண்ணப்பட்ட 15, 18 அதிர்ச்சிகள் ஒரு பக்கம். மயக்கம்கூட வராத ஆயிரக்கணக்கான சிறு இடிகள் இன்னொரு பக்கம். இன்றைய ஆராய்ச்சி அதிகம் அஞ்சுவது இந்த இரண்டாவது வகையைத்தான். பாஸ்டன் பல்கலைக்கழகக் குழுவின் 2019 ஆய்வில், மோதி ஆடுகிற ஒவ்வொரு வருடத்துக்கும் சி.டி.இ. வருகிற சாத்தியம் 30 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டார்கள்.

ஞாயிறுமதியம்:
அக்கா, மனம் கனத்துப்போகிறது. ஆனால் அவர்கள் விரும்பித்தானே ஆடினார்கள்? ஆபத்தான தொழில் என்று தெரியும், அதற்கேற்ற சம்பளமும் வாங்கினார்கள். மேலும் 111 பேரில் 110 பேருக்கு சி.டி.இ. என்று ஒரு எண் சுற்றுகிறதே, அதை வைத்து எல்லோருக்கும் வந்துவிடும் என்று பயமுறுத்துவது சரியா?

வெள்ளைக்கோட்டு:
அந்த எண் 2017-இல் வந்தது. மூளையைத் தானம் செய்த குடும்பங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அறிகுறிகளைக் கண்டு கலங்கியவை. ஆகவே ஆடியவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு வரும் என்று அதிலிருந்து சொல்லக் கூடாது, ஆய்வாளர்களே அதைச் சொல்லிவிட்டார்கள். இறந்த பிறகு மூளைத் திசுவைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும் என்பதும் பெரிய தடை. ஆனால் ஒரு தொழிலைச் செய்த 110 பேரிடம் இது இருந்தது என்பதே போதாதா கவலைப்பட?

பழையஸ்கோர்கார்டு:
விரும்பி ஆடினார்கள் என்பதற்கு நான் பதில் சொல்கிறேன்.

முழங்கால் போகும், தோள்பட்டை போகும், முதுகு போகும் என்று தெரிந்தே ஆடினோம் என்பதைக் கார்சனே ஒப்புக்கொள்கிறார். தலைக்குள் இப்படி ஒன்று நடக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய குறை. அன்று தலை சுற்றினால் முகர்கிற உப்பைக் கொடுத்து, எத்தனை விரல் என்று கேட்டு, உள்ளே அனுப்பிவிடுவார்கள். தெரியாத ஒன்றுக்கு ஒருவன் எப்படிச் சம்மதம் கொடுக்க முடியும்?

சம்பள விஷயமும் அப்படித்தான். ஒப்பந்தம் முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகலாம் என்கிற உரிமை சரியாக வந்ததே 1993-இல். கார்சன் தலைமுறை அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது. இன்றைய கோடிகளை வைத்து அவர்களை அளக்காதீர்கள்.

அப்புறம், மூளைக் காயத்துக்காக முன்னாள் ஆட்டக்காரர்கள் போட்ட வழக்கில் லீக் ஒத்துக்கொண்ட அந்த நஷ்டஈட்டு ஒப்பந்தம். 2015-இல் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. நினைவாற்றல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கும்போது, கறுப்பின ஆட்டக்காரர்களுக்குத் தொடக்கத்திலேயே அறிவுத்திறன் குறைவு என்று வைத்துக் கணக்குப் போடும் ஒரு முறை அதில் நுழைந்திருந்தது. அதே மதிப்பெண் எடுத்த வெள்ளையருக்கு நோய், கறுப்பினத்தவருக்கு ஒன்றுமில்லை! 2020-இல் இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்ட பிறகு, 2021-இல்தான் லீக் அதைக் கைவிடுவதாகச் சொன்னது. இதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நியூஜெர்சிவாசி:
தொடர்ந்து படித்துவருகிறேன், முதல் தடவை எழுதுகிறேன். என் மகன் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புப் போகிறான். பள்ளி ஃபுட்பால் அணியில் சேர வேண்டும் என்று நிற்கிறான். நல்ல உடம்பு, கோச்சே கூப்பிட்டிருக்கிறார். என் மனைவிக்குத் துளியும் இஷ்டமில்லை. கார்சன் தன் வீட்டில் என்ன முடிவெடுத்தார் என்று யாருக்காவது தெரியுமா?

வெள்ளைக்கோட்டு:
தெரியும். தன் பேரனை இந்த ஆட்டம் ஆட விடமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். இன்று எனக்குத் தெரிவதெல்லாம் அன்று தெரிந்திருந்தால் நானே ஆடியிருக்கமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஜெயித்த கேப்டன் ஒருவர் தன் வாயால் சொன்னது.

உங்கள் மகன் விஷயத்தில் முடிவு உங்களுடையது. சில தகவல்கள் மட்டும் தருகிறேன். உங்கள் நியூ ஜெர்சியில் 2019 முதல் பள்ளி அணிகள் சீசன் நடக்கும்போது முழு மோதல் பயிற்சியை வாரத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதற்கு முன் 90 நிமிடம் இருந்தது. கோச்சிடம் இதை எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். அடிபட்டால் யார் பரிசோதிப்பார், எத்தனை நாள் வெளியே உட்கார வைப்பீர்கள், அந்த முடிவு யார் கையில் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். மோதல் இல்லாத ஃப்ளாக் ஃபுட்பால் பக்கத்தில் இருந்தால் அதையும் காட்டுங்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது, பையன்கள் அதை இப்போது இளக்காரமாகப் பார்ப்பதில்லை.

என் பிள்ளையாக இருந்தால் அனுப்பமாட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

ஓரக்கோடு:
இவருடைய சந்தோஷமான பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும்.

ஜெயித்ததும் பயிற்சியாளர் தலையில் கேட்டரேட் பான வாளியைக் கவிழ்க்கிறார்களே, அது பழக்கமாகப் பரவியது கார்சனால். முதலில் ஊற்றியது யார் என்பதில் சண்டை உண்டு. ஜயன்ட்ஸில் ஜிம் பர்ட், 1985-இல், தன்னை வாரம் முழுக்கச் சீண்டிய தலைமைப் பயிற்சியாளர் பில் பார்செல்ஸைப் பழிவாங்க ஊற்றினார். ஆனால் 1986 சீசனில் வெற்றிக்கு வெற்றி அதைச் சடங்காக்கியவர் கார்சன். பார்செல்ஸ் உஷாராகிவிடக் கூடாது என்று மைதானக் காவலரின் மேலங்கியை மாட்டிக்கொண்டு பின்னால் போய் ஊற்றிய காட்சியெல்லாம் உண்டு.

அந்த சீசன் 14–2. பிளேஆஃபில் சான் ஃபிரான்சிஸ்கோவை 49–3, வாஷிங்டனை 17–0. சூப்பர் பவுலில் டென்வரை 39–20. பிறகு வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டபோது வாளி இல்லாத குறைக்கு அதிபர் ரீகன் தலையில் பாப்கார்னைக் கொட்டினார் கார்சன்.

பழையஸ்கோர்கார்டு:
அந்த சூப்பர் பவுலில் கவிழ்த்த வாளியைவிட எனக்குப் பிடித்தது டாஸ். டென்வர் பக்கத்திலிருந்து பல கேப்டன்கள் கிளம்பி வருகிறார்கள். ஜயன்ட்ஸ் பக்கத்திலிருந்து கார்சன் மட்டும் தனியாக நடந்து வருகிறார். பார்செல்ஸ் அப்படித்தான் அனுப்பினார். ஒரு லட்சம் பேர் உட்கார்ந்திருக்கிற ரோஸ் பவுல்.

இரண்டாவது குவார்ட்டரையும் பாருங்கள். டென்வர் கோல் கோட்டுக்கு ஒரே கெஜம் தூரத்தில். முதல் முயற்சியில் குவார்ட்டர்பேக் எல்வே தானே ஓடுகிறார், டெய்லர் பிடிக்கிறார். இரண்டாவது நடுவில் வருகிறது, வில்ஹைட்டைக் கார்சன் அப்படியே நிறுத்துகிறார். மூன்றாவது ஓரத்தில், கார்ல் பேங்க்ஸ் மடக்குகிறார். மூன்று லைன்பேக்கர்கள், மூன்று முயற்சி. கடைசியில் 23 கெஜ உதையையும் டென்வர் தவறவிட்டது. இடைவேளையில் 10–9 என்று பின்தங்கியிருந்த ஜயன்ட்ஸ் இரண்டாம் பாதியில் பிய்த்து உதறியதற்கு அடித்தளம் இங்கேதான்.

மூன்றாம்டவுன்:
ஒன்று விட்டுப்போகிறது. மிடில் லைன்பேக்கர் என்பது யோசிக்கிற இடம் என்று சொல்லி, குவார்ட்டர்பேக், சென்டர் மாதிரியே கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அதையும் நெடுநாள் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். 1967-இல் கான்சாஸ் சிட்டியில் வில்லி லேனியர் அதை உடைத்தார். கார்சனின் கல்லூரி மாதிரியே ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர். கடுமையான மூளை அதிர்ச்சிக்குப் பிறகு லேனியர் போட்ட ஹெல்மெட்டின் வெளிப்புறத்தில், உச்சி நெடுக, ஒரு பட்டையாக மெத்தை ஒட்டியிருக்கும். ஹெல்மெட்டுக்கு மேலே மெத்தை உறையைப் போட்டுக்கொண்டு ஆட்டத்தில் இறங்கலாம் என்று லீக் அனுமதித்தது 2024-இல். இடையில் 50 வருடத்துக்கும் மேல்.

கார்சன் ஓய்வுக்குப் பிறகு, லீகில் கறுப்பினத்தவருக்குப் பயிற்சியாளர், நிர்வாகப் பதவிகள் கிடைக்கப் பாடுபடும் ஃப்ரிட்ஸ் பொல்லார்ட் அலையன்ஸில் பொறுப்பேற்று உழைத்ததும் இந்த வரிசையில்தான் வருகிறது. பொல்லார்ட் 1921-இல் அக்ரனில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் ஷெல் வந்தது 1989-இல். கார்சன் ஆடிய 13 சீசனிலும் லீகில் அப்படி ஒருவரைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஞாயிறுமதியம்:
அண்ணே, அந்த டென்வர் ஆட்டத்தை நேற்றிரவு முழுதாகப் பார்த்தேன். டெய்லரை விட்டுவிட்டு 53-ஆம் எண் கார்சனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு ஒவ்வொரு தடவை வரும்போதும் அவர் தலை எங்கே இருக்கிறது என்றுதான் கண் போகிறது. அதில் எல்வேயை அவர் பக்கத்துக் கோல் கோட்டுக்குப் பின்னால், எண்ட் ஸோனிலேயே மடக்கி, இரண்டு புள்ளிக்கான சேஃப்டி எடுத்த 75-ஆம் எண் ஜார்ஜ் மார்ட்டின் யார்? அவரைப் பற்றியும் ஒரு இழை வேண்டும்.

பழையஸ்கோர்கார்டு:
கார்சனின் நெடுநாள் தோழர். இரட்டைக் கோபுர மீட்புப் பணியில் உடல் கெட்டவர்களின் சிகிச்சைக்குப் பணம் திரட்ட, 2007-இல் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து கிளம்பி, சான் டியகோவரை நடந்தே போனவர். சனிக்கிழமை தொடங்குகிறேன்.